முன்னைய பெறுபேறு

அந்தப் புதன்கிழமை காலையில் கெலிஓயாவிலிருந்து ஒருவர் எங்கள் வாடிக்கையாளரான ஆய்வுகூடத்துக்குப் போன் எடுத்து, தன் தாயாரின் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் பிழை இருப்பதாகச் சொன்னார். ஆய்வுகூடத்தின் முகாமையாளர், ஒரு பெண்மணி, அவரோடு சற்றுப் பேசிப் பார்த்துவிட்டு அழைப்பை எங்கள் அலுவலகத்துக்கே திருப்பிவிட்டார். ஒன்பது மணிகூட ஆகவில்லை. கைப்பையைக் கதிரையில் போட்டுவிட்டு நின்றபடியே பேசினேன்.

அழைத்தவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாகவே பேசினார். முந்தின நாள் மாலை டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தவுடன், தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டாராம். வீட்டில் பதறிப்போய் உடுப்புகளைப் பையில் அடுக்கியிருக்கிறார்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோகலாம் என்று இவர் அலுமாரியைத் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் என்ற அளவு தாயாருக்கு இப்போது 2.7. கூடுதல்தான். ஆனால் அதற்குப் பக்கத்தில், 'முன்னைய பெறுபேறு' என்ற இடத்தில், 0.8 என்று அச்சாகியிருந்தது. மூன்றே மாதத்தில் ஒருவரின் சிறுநீரகம் இப்படிக் கெட்டுப்போனால் எந்த டொக்டரும் பயப்படத்தான் செய்வார்.

"உம்மாட பழைய ரிப்போர்ட் எல்லாம் எங்கட கைல ஈக்கி, மிஸ்," என்றார் அவர். "மூணு மாசத்துக்கு முன்னயும் ரெண்டு தசம் ஆறு. நாலு வருஷமா ஈக்கிற வருத்தம் இது. பூச்சியம் தசம் எட்டு எங்கேந்து வந்துச்சு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் அலுவலகம் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குச் சற்று மேலே, ஒரு புடவைக்கடையின் மூன்றாம் மாடியில் இருந்தது. மூன்றே பேர். நடத்துபவர் கண்டி நகரத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். நான் அங்கே சேர்ந்து ஆறு வருடமாகியிருந்தது. மூன்றாமவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதமே ஆகியிருந்த இளைஞர்; எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. நிதானமாக வேலை செய்வார். ஒரு வரி எழுத முன் மூன்று தரம் யோசிப்பார். அதைச் சேர் மந்தம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆய்வுகூடத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த வேலையைச் சொல்லவேண்டும். இரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரங்கள் தரும் எண்களெல்லாம் ஒரு கோப்பில் வந்து சேரும். நோயாளிக்கோ டொக்டருக்கோ அந்தக் கோப்பை வாசிக்க முடியாது. அதை ஒழுங்கான ரிப்போர்ட்டாக உருமாற்றுவதற்கு விதிகள் அடங்கிய ஒரு ஸ்டைல்ஷீட் உண்டு. பெயரை எங்கே போடவேண்டும், எந்த எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டவேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இப்போதைய பெறுபேற்றுக்குப் பக்கத்தில் அதே ஆளின் பழைய பெறுபேற்றையும் காட்டினால் நல்லது என்று டொக்டர்கள் கேட்டிருந்தார்கள். தம்பி அதை எழுதினார். வியாழக்கிழமை மாலை நான் சரிபார்த்து, சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து அனுப்பினேன். வெள்ளி காலையிலிருந்து புதிய ரிப்போர்ட்டுகள் அச்சாகத் தொடங்கின.

கெலிஓயா அம்மாவின் கோப்பை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். 'முன்னைய பெறுபேறு' 2.6 என்று சரியாக வந்தது. மறுபடி ஓட்டினேன். அதே 2.6. தம்பி தன் கணினியிலும் ஓட்டிப் பார்த்தார். அங்கேயும் 2.6.

கணினி வேலையில் இதைவிடக் கொடுமை கிடையாது. பிழை கண்ணெதிரே நின்றால் ஒரு மணித்தியாலத்தில் பிடித்துவிடலாம். எங்கள் கையில் ஒழுங்காக ஓடுகிற ஒன்று வெளியே போய்ப் பொய் சொல்கிறது என்றால், எங்கே கை வைப்பது என்றே தெரியாது. சேர் பின்னால் வந்து நின்று பார்த்தார். ஆய்வுகூடத்தின் பக்கத்துத் தரவில்தான் கோளாறு என்று தீர்மானித்து, அவர்களுக்குப் போன் எடுத்து அப்படியே சொல்லியும்விட்டார். முகாமையாளர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் இன்னொரு அழைப்பும் வந்தது என்றாராம். அவரும் கெலிஓயாதான். வேறு குடும்பம். அவருக்கும் 'முன்னைய பெறுபேறு' 0.8.

வெவ்வேறு வீட்டு ஆட்கள் இருவருக்கும் ஒரே எண் வந்தது தற்செயலாக இருக்க முடியாது.

நோயாளியின் இலக்கத்தில் இடைவெளி ஏதும் கலந்திருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. பழைய பெறுபேறுகளைத் திகதிப்படி அடுக்கும் இடத்தில் வழு இருக்குமோ என்று தம்பி பார்த்தார். அங்கும் இல்லை. பத்தரை மணியானது. ஆய்வுகூடம் அச்சிடுவதை நிறுத்திவைத்திருந்தது. கண்டியிலும் பேராதனையிலும் ரிப்போர்ட்டுக்காக ஆட்கள் வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை முகாமையாளர் போன் எடுத்து, ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கெலிஓயா ரிப்போர்ட்டுகள் எப்படிப் போகின்றன என்று தம்பிதான் கேட்டார். கண்டியில் ஆள் ஆளாக வருகிறார்கள். ஒவ்வொருவரின் பெறுபேறும் தனித்தனிக் கோப்பாக வரும். கெலிஓயா, கலகெதர போன்ற இடங்களில் அப்படியில்லை. அங்கேயுள்ள பாமசிகளில் காலையில் இரத்தம் எடுத்து வைப்பார்கள். மத்தியானம் வேன் போய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரும். எல்லாருடைய பெறுபேறும் ஒரே கோப்பாக எங்கள் ஸ்டைல்ஷீட்டுக்குள் நுழையும். நாங்கள் சோதித்துப் பார்த்ததெல்லாம் ஒரே ஒரு நோயாளி உள்ள கோப்பை வைத்து.

திங்கட்கிழமைக் கோப்பை அப்படியே அனுப்பச் சொன்னோம். பத்தொன்பது பேர் இருந்தார்கள். பெயர்களை மறைத்து இலக்கங்களை மட்டும் விட்டிருந்தார்கள். நாங்கள் நிரல் எழுதும் மென்பொருளில், உருமாற்றத்தை வரி வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு. இடது பக்கம் நோயாளிகளின் கோப்பு, வலது பக்கம் ஸ்டைல்ஷீட். கீழே ஒரு சிறு சதுரத்தில், அந்தக் கணத்தில் எந்த மாறிக்கு என்ன பெறுமதி என்று தெரியும். 'முன்னைய பெறுபேறு' எழுதப்படும் வரியில் நிறுத்தம் போட்டு ஓட்டினேன். தம்பி தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

முதலாம் நோயாளியில் நின்றது. கீழே 0.8. கோப்பிலும் அவருடைய பழைய அளவு 0.8தான். சரி.

அடுத்த அடி. இரண்டாம் நோயாளி. கீழே 0.8. கோப்பில் அவருக்கு 1.1.

மூன்றாமவர். நோயாளி இலக்கம் மாறியது, வயது மாறியது, இப்போதைய பெறுபேறு மாறியது. 0.8 மட்டும் அசையவில்லை. நான்காமவருக்கும் அதே. ஐந்தாவது ஆளுக்குப் போக முன்பே எனக்கு விளங்கிவிட்டது. கை அதுபாட்டுக்கு ஏழாவது ஆள்வரை அமுக்கிக்கொண்டே போனது.

வலது பக்கத்து வரியைப் பார்த்தேன். பழைய அளவைத் தேடு என்று இரண்டு சாய்கோடுகளோடு ஒரு கட்டளை. அந்தச் சாய்கோடுகளுக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கவேண்டும். புள்ளி இருந்தால், இப்போது கையில் இருக்கும் இந்த நோயாளிக்குள் தேடு என்று பொருள். இல்லாவிட்டால் கோப்பின் உச்சியிலிருந்து தேடும். முதலில் யாருடையது கண்ணில் படுகிறதோ அதை எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடும். கோப்பில் ஒரே ஆள் என்றால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பத்தொன்பது பேர் என்றால் பதினெட்டுப் பேருக்கு வேறு யாருடையதோ போய்ச்சேரும்.

வரியின் மேல் மவுசின் வலது பொத்தானை அமுக்கி, அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று பார்த்தேன். வியாழக்கிழமை, மாலை நாலு பத்து. என் பெயர்.

உடனே ஞாபகம் வந்தது. தம்பி எழுதியதை நான் வாசித்துப் பார்த்தபோது, அந்தப் புள்ளி வீணாக நிற்பதுபோல் தோன்றியது. வேறு பல இடங்களில் அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பார்வைக்குத் துப்புரவாக இருக்கட்டும் என்று அழித்தேன். பிறகு ஒரே ஆளின் கோப்பில் ஓட்டிப் பார்த்து, சரி என்று அனுப்பினேன். அன்றைக்கு நாலரை பஸ்ஸைப் பிடிக்க அவசரம்.

தம்பியின் கண்ணும் திரையில்தான் இருந்தது. அந்த நேரம் சேர் உள்ளே வந்தார். கண்டுபிடித்துவிட்டோமா என்றார். ஆம், ஒரு புள்ளி இல்லாமல் போயிருக்கிறது என்றேன். இல்லாமல் போயிருக்கிறது. அந்தச் சொற்களை நான் தெரிந்துதான் எடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

சேர் தம்பியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பகுதி நீங்க எழுதினதுதானே? சின்ன விஷயத்தில கவனம் வேணும்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்?"

"ஓம், சேர்," என்றார் தம்பி.

நான் புள்ளியைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விசையைத் தட்டும் வேலை. அதற்கு எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்தேன். இப்போது முக்கியம் நோயாளிகள், யார் பிழை என்று ஆராய நேரமில்லை, எல்லாம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் முகம் சுட்டது. சேர் வெளியே போய்விட்டார். திருத்திய ஸ்டைல்ஷீட்டை ஆய்வுகூடத்துக்கு ஏற்றி, கெலிஓயாக் கோப்பை ஓட்டினோம். பத்தொன்பது பேருக்கும் அவரவர் எண் வந்தது. கெலிஓயாக்காரருக்குப் போன் எடுத்து, உங்கள் தாயாரின் பழைய அளவு 2.6தான், டொக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்றவர், எனக்கு நன்றியும் சொன்னார். அதைக் கேட்க முடியாமல் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

வேலை முடிந்தது என்று எழுந்தேன். தம்பி எழவில்லை.

"அக்கா, கெலிஓயாவில இது தேவையில்லாமல் பயம் காட்டினது," என்றார். "மற்றப் பக்கமும் நடந்திருக்கும்தானே. பயப்பட வேண்டிய ஆருக்காவது பயமில்லையெண்டு காட்டியிருந்தால்?"

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து வந்த கோப்புகள் எல்லாவற்றையும் தருவித்தோம். ஒவ்வொன்றையும் பழைய ஸ்டைல்ஷீட்டிலும் திருத்தியதிலும் ஓட்டி, வித்தியாசப்படும் ஆட்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்தோம். நீளமான பட்டியல். அநேகருக்கு 0.9க்குப் பதில் 0.8 என்ற அளவில் இருந்தது. அதனால் பாதகம் எதுவும் வராது. ஆய்வுகூடத்தின் பொறுப்பு டொக்டர் போனில் இருந்தபடியே வரி வரியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இது பரவாயில்லை, இது பரவாயில்லை, இவருக்குப் போன் எடுக்கவேண்டும் என்று சொல்லச் சொல்ல நான் அடையாளம் போட்டேன்.

திங்கட்கிழமை, கலகெதர. அந்தக் கோப்பில் முதலாவது ஆள் பல வருடமாகச் சிறுநீரக வருத்தம் உள்ளவர். பழைய அளவு 2.4. ஆகவே அன்று கலகெதரவிலிருந்து வந்த எல்லாருக்கும் 'முன்னைய பெறுபேறு' 2.4. பதினோராவது வரியை வாசித்தேன். பெண், ஐம்பத்திரண்டு வயது. இப்போதைய பெறுபேறு 2.5. அச்சானபடி முன்னையது 2.4. உண்மையில் முன்னையது 0.9.

டொக்டர் அந்த இலக்கத்தைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன். இவரை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், நாளைக்கென்று வைக்கக்கூடாது என்றார்.

மற்றவர்கள் எல்லோரும் போனில் கிடைத்தார்கள். இந்தப் பெண்ணின் விபரத்தில் இருந்தது இரத்தம் எடுத்த பாமசியின் இலக்கம். அவரிடம் சொந்தப் போன் இல்லை. பாமசிக்காரர் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் முந்தின நாள் பின்னேரம் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டுபோய், பாமசிக்கு மேலேயுள்ள கிளினிக்கில் டொக்டரிடம் காட்டியிருக்கிறார். 2.4, இப்போது 2.5, பழைய வருத்தம், கூடவில்லை, ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்று டொக்டர் அனுப்பியிருக்கிறார். தாளில் இருந்ததை நம்பிச் சொன்னதுதான், அவர்மேல் குற்றமில்லை. அந்தப் பெண் இருப்பது டவுனிலிருந்து மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தில். பாமசிக்காரர் தனி ஆள். கடையை விட்டுவிட்டுப் போக முடியாது என்றார்.

கலகெதரவுக்கு வேன் புறப்படும் நேரம் நெருங்கியிருந்தது. அதிலே திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பலாம். ஆனால் சாரதிக்குத் தமிழ் அவ்வளவு வராது. விஷயத்தை எடுத்துச்சொல்ல ஓர் ஆள் கூடப் போனால் நல்லது என்று முகாமையாளர் கேட்டார். தம்பி எழுந்து, தான் போவதாகச் சொன்னார். நான் போகிறேன் என்றேன். நான் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்கவேண்டும். அவர் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் அசையவே இல்லை. பாடசாலை விடும் நேரம். சாரதியிடம் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவர் வானொலியை நிறுத்தினார். பாலத்தைத் தாண்டியதும் குருநாகல் வீதியின் வளைவுகளில் நான் கண்ணை மூடிக்கொள்ளும் அளவுக்கு ஓட்டினார். பாதி வழியில் தம்பி போன் எடுத்தார். பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தகவல் போய்ச்சேர்ந்துவிட்டது, இனி இவர் ஒருவர்தான் மிச்சம் என்றார். அப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். சரி என்று மட்டும் சொன்னேன். அவரும் சில விநாடி காத்திருந்துவிட்டு வைத்தார்.

பாமசிக்காரர் ஓர் ஓட்டோவை ஆயத்தமாக நிறுத்தியிருந்தார். வேன் ஏறாத பாதை. ரப்பர் மரங்களுக்கு நடுவே குலுங்கிக் குலுங்கி ஏறி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் இரண்டு லயங்களைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு கட்டடத்தில் நின்றது. பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். நான் தேடி வந்தவர் அங்கேதான் பிள்ளை பார்க்கும் வேலை செய்தார். ஒரு சின்ன வாங்கில் உட்கார்ந்து மடியில் இருந்த குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பாதங்கள் வீங்கிச் செருப்பு வாரை மீறிப் பிதுங்கி நின்றன.

நான் யாரென்று சொல்லி, ரிப்போர்ட் மாறிவிட்டது, உடனே பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். அவர் அவசரப்படவில்லை. தாய்மார் நாலு மணிக்குத்தான் வருவார்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கேட்டார். தொட்டில்களில் ஆறு குழந்தைகள் இருந்தன. எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று நேரடியாகவே கேட்டேன். பொறுப்பு டொக்டர் அதைக் கேட்கச் சொல்லியிருந்தார். இரண்டு நாளாகச் சரியாகப் போகவில்லை, வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். வேறு மருந்து ஏதும் குடிக்கிறாரா என்று கேட்டதற்கு, முழங்கால் வலிக்கு ஒரு மாதமாகச் சந்தைக் கடையில் மாத்திரை வாங்கி, காலையில் இரண்டும் பின்னேரம் இரண்டும் போட்டு வருவதாகச் சொன்னார்.

"எனக்கு அப்படி வருத்தமே இருந்ததில்லைங்கன்னு நேத்து டொக்டர்கிட்ட சொன்னேன்," என்றார். "தாள்ல இருக்குதேம்மான்னாரு. தாள்ல இருந்தா அப்புறம் நான் என்னா சொல்றது?"

அந்தத் தாளைத் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். எங்கள் ரிப்போர்ட். அழகாக, நேர்த்தியாக, எண்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசை பிசகாமல்.

"யாரு செஞ்ச தப்புங்க இது?" என்று கேட்டார்.

"நான் செஞ்சதுதாங்க," என்றேன். "கம்ப்யூட்டர்ல நான் ஒண்ண அழிச்சதால வேற ஆளோட கணக்கு உங்களுக்கு வந்திருச்சு."

காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் இப்படி வெளியே வந்தது. அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். மடியில் இருந்த குழந்தையைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"அப்ப இந்தப் புள்ளய கொஞ்சம் புடிங்க. நான் சீலைய மாத்திக்கிட்டு வர்றேன்."

ஓட்டோக்காரர் அடுத்த லயத்துக்குப் போய், பிள்ளைகளைப் பார்க்க ஒரு பெண்ணை அழைத்து வந்தார். அதற்குள் குழந்தை என் தோளில் கஞ்சியைக் கக்கியிருந்தது.

திரும்பும் வழியில் மழை பிடித்தது. வேனின் பின்னால், அன்று எடுத்த இரத்தம் நிரப்பிய சிறு குப்பிகள் அடங்கிய பெட்டி. நடு இருக்கையில் நாங்கள் இருவர். கட்டுகஸ்தோட்டையை நெருங்கும்போது அவர் வாந்தி எடுத்தார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்ட கேள்விகளுக்கு மெதுவாகப் பதில் சொன்னார். பேராதனைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு சந்தியிலும் சாரதியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுப்பு டொக்டர் முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால் வாசலிலேயே அவரைத் தள்ளுநாற்காலியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வார்ட்டிலிருந்து ஓர் இளம் பெண் டொக்டர் வெளியே வந்தார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பு மாறத் தொடங்கியிருக்கிறது, மருந்து ஏற்றியிருக்கிறோம், இன்னும் இரண்டு நாள் வீட்டில் இருந்திருந்தால் கஷ்டம் என்றார்.

அங்கே நடைபாதையில் நின்று சேருக்குப் போன் எடுத்தேன். முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு, புள்ளியை அழித்தது நான், தம்பி எழுதியது சரியாகத்தான் இருந்தது என்றேன்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே," என்றார் சேர்.

சொல்லியிருக்கலாம் என்றேன். புதிதாக வந்தவரின் கவனக்குறைவு என்று எழுதி ஆய்வுகூடத்துக்கு அவர் மத்தியானமே கடிதம் அனுப்பியிருந்தார். மறுநாள் இன்னொரு கடிதம் எழுதி, முதலாவதைத் திருத்தினார். அதில் என் பெயரைப் போடவேண்டாம் என்று நினைத்தவரைப் போடச்சொன்னது நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிந்திச் செய்த காரியம் அது.

மறுநாள் காலை தம்பி வருமுன் போய்க் காத்திருந்தேன். வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் குடையை மடித்து மூலையில் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த வரியில உங்கட பேர் கிடந்ததை நானும் பாத்தனான்," என்றார். "நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். பின்னேரம் வரைக்கும் பாத்தன்."

ஏன் நீங்களே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. வந்து எட்டு மாதமான ஆள், ஆறு வருடமாக இருக்கும் ஒருத்தியைக் காட்டிக்கொடுத்தால் சேர் யாரை நம்பியிருப்பார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் கணினியைப் போட்டார். அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மிஸ் என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், சொன்ன வேலையைச் செய்வார். சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று கண்டியில் பாதிப்பேர் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது என்னை ஒருபோதும் உறுத்தியதில்லை. அவர் வாயால் கேட்கும்போது உறுத்தியது.

வேலை முறையை மாற்றினோம். எந்தத் திருத்தமும் ஒரே ஆள் உள்ள கோப்பில் மட்டுமல்லாமல், பலர் கலந்த பெரிய கோப்பிலும் ஓடிக் காட்டவேண்டும். நான் திருத்துவதைத் தம்பி பார்க்கவேண்டும். அவர் திருத்துவதை நான் பார்க்கவேண்டும். பார்ப்பவர் தன் கையால் எதையும் மாற்றக்கூடாது, எழுதியவரிடம் கேட்கவேண்டும். இந்தக் கடைசி விதியைப் போட்டது அவர். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி மாத்திரைதான் சிறுநீரகத்தைத் தாக்கியிருந்தது. அதை நிறுத்தியதும் மெதுவாகத் தேறினார். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். மூன்றாம் தடவை போனபோது அவரைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறாவது கிழமை ஆய்வுகூட முகாமையாளர் போன் எடுத்து, கலகெதரவிலிருந்து அவருடைய இரத்தம் மறுபடி வந்தது, கிரியேட்டினின் 1.1 என்றார். எனக்கு இதைச் சொல்ல அவருக்குக் கடமை எதுவும் இல்லை. நான் காத்துக்கொண்டிருப்பேன் என்று தெரிந்து சொன்னார்.

தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவர் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, எண்ணைத் திரும்பக் கேட்டார். சொன்னேன். நல்லது என்றார். பிறகு, அந்தப் பெண் வேலைக்குப் போகிறாரா, இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை வார்ட்டுக்குப் போயும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

பாமசிக்காரருக்குப் போன் எடுத்து விசாரித்தேன். அடுத்த லயத்துப் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டாளாம். இவர் போன திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறாராம். அதைத் தம்பியிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டிவிட்டு, கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி, தன் திரையில் எதையோ காட்ட எனக்கு இடம் விட்டார்.